வழியும் பாடும்

ஆகஸ்டு 15-ஆம் தேதியான மாதாவின் விண்ணேற்புத் திருநாள் கழிந்த மறுநாள் விடியற்காலையில், பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்தின் மணல் தெருவில், காவி உடுத்த இருபது பேர், ஒருவர் முகம் ஒருவருக்குத் துலங்காத மங்கலில், ஒரு சிறு சப்பரத்தைச் சுற்றிக் கூடி நின்றார்கள். சப்பரத்தின் மேல் ஆரோக்கிய மாதாவின் சுரூபமும் அதைச் சுற்றி வண்ணக் காகிதமும் இருந்தன. அடியில் சைக்கிள் சக்கரங்கள் பூட்டியிருந்தார்கள். ஏரியின் மேலிருந்து வந்த காற்றில் சேற்றின் வாடையும் காயவைத்த கருவாட்டின் வாடையும் கலந்திருந்தன. வயதான ஒரு தாய், புறப்படுகிறவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் பாதத்திலும் குடத்துத் தண்ணீரை ஊற்றி மஞ்சள் தடவிக்கொண்டே வந்தாள். அவர்களில் பாதிப் பேருக்கு உறவினளும் எனக்கு யாரும் அல்லாதவளுமான அவள், என் முறை வந்தபோதும் கையைத் தயங்கவிடாமல் அதே நிதானத்தோடு என் காலையும் நனைத்தாள். அடுத்த இரண்டு வாரத்தில் அந்தப் பாதங்கள் படப்போகும் பாட்டை நான் அப்போது அறியவில்லை. அவள் அறிந்திருந்தாள் என்றே இப்போது நினைக்கிறேன்.

கோட்டைக்குப்பத்திலிருந்து வேளாங்கண்ணி, நானூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் ஒரு பகலில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது புறப்பட்டவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சென்னையிலிருந்தும் அதற்கு வடக்கேயுள்ள குப்பங்களிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாலை அணிந்து, புலால் தவிர்த்து, ஆகஸ்டு 29-ஆம் தேதிக் கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8-ஆம் தேதித் திருநாளுக்கோ போய்ச் சேரும்படி நாள் கணக்கிட்டுக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் நடக்கிறார்கள். அவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் உண்டு. குலதெய்வத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு மாதாவுக்கு மாலை போட்டுக்கொண்டவர்களும் உண்டு. எங்கள் கூட்டத்தில் இரண்டாம் வகையினரே அதிகம். அதை ஒரு முரண்பாடாக அவர்கள் ஒருவரும் எண்ணவில்லை. வழியில் எங்களுக்குச் சோறிட்டவர்களும் எண்ணவில்லை.

எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. பழவேற்காட்டிலேயே மகிமை மாதா கோயில் இருக்கிறது. 1515-ஆம் ஆண்டில், போர்த்துக்கேயர் காலத்தில் தோன்றியதென்று சொல்லப்படும் அந்த ஸ்தலம், ஆங்கிலேயர் சென்னையில் காலூன்றுவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முற்பட்டது. கோட்டைக்குப்பத்தோடு தொழிலுரிமை பங்கிடும் ஊர்களில் ஒன்றின் பெயரே நடுவூர் மாதாகுப்பம். இப்படித் தன் வாசலிலேயே ஒரு தாய் வீற்றிருக்க, அவளே மற்றொரு பெயரோடு வீற்றிருக்கும் இன்னொரு வாசலை நாடி, இத்தனை தூரம் சரீரத்தை வருத்திக்கொண்டு போவானேன்? இதை, சப்பரத்தின் முன்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த, அறுபதை எட்டப்போகும் ஒரு மீனவரிடம் கேட்டேன். கேள்வி அவருக்கு வினோதமாகப் படவில்லை. ஏரியைக் கையால் சுட்டி, "வூட்டுக்கு எதிர்லதான் சார் தண்ணி கெடக்குது. அதுக்காவ அங்கயே வலையப் போட்டுட முடியுமா? பாடு எங்க வுழுதோ அங்கதான போவணும்?" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் வழியெல்லாம் சுமந்துகொண்டு நடந்தேன். ஆகவே அதில் வரும் பாடு என்பதை வாசகர்க்குச் சற்று விரித்துச் சொல்லுவது என் கடமையாகிறது.

பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்நாட்டிலுள்ள பெரிய உவர்நீர்ப் பரப்பு. கடலுக்கும் அதற்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்க, தெற்கேயுள்ள முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏறியும் இறங்கியும் வருகிறது. அந்த நீரோட்டத்தோடு இறால் வரும். நீரோட்டத்தை மறித்துக் கழி ஊன்றிச் சுத்துவலை கட்டத் தகுந்த இடங்கள் ஏரி முழுவதிலும் இல்லை. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களே உண்டு. எல்லோரும் ஒரே இடத்துக்கு ஓடினால் வலை கிழியும், தலையும் உடையும். ஆகையால் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் முன்னோர், அந்த இடங்களைப் பாடு என்று வகுத்து, வடக்குப்பாடு, ஓடைப்பாடு என்று பெயரிட்டு, இன்ன நாளில் இன்ன பாட்டில் இன்னார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் சம்பிரதாயத்தை ஏற்படுத்தினார்கள். தலைக்கட்டு என்று ஊரில் பதிந்த ஒவ்வொருவனுக்கும் அதில் முறை உண்டு. நல்ல பாடு இன்று உனக்கு விழுந்தால் நாளை எனக்கு விழும். எவனும் நீரைச் சொந்தம் கொண்டாட முடியாது. தன் முறை வரும்வரை கரையில் பொறுத்திருக்க வேண்டும். பாத்தியதை பெறாதவர்களும் அந்த ஏரியில் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. முழங்கால் நீரில் அமர்ந்தபடி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு எந்தச் சீட்டிலும் பெயர் இல்லை. அந்த நியாயமும் அநியாயமும் சேர்ந்தே கிடக்கும் ஏரி அது.

அவர் சொன்ன பாடு இதுதான். ஆனால் தமிழில் அந்தச் சொல் இதோடு நிற்பதில்லை. வலையில் அகப்பட்டது மீன்பாடு. அதற்காக உடல் உழைப்பது பாடுபடுதல். உழைத்தும் கைக்கு எட்டாமற்போனால் அனுபவிப்பதும் பாடுதான். கிறிஸ்துநாதர் சிலுவையில் அடைந்த வேதனைக்கு மொழிபெயர்ப்பு தேடிய பழைய வேதபோதகர்கள், வடமொழிக் களஞ்சியம் முழுவதும் திறந்து கிடந்தபோதிலும், கடைசியில் கைவைத்தது இந்தச் சொல்லின்மேல்தான்: திருப்பாடுகள். இன்னும் பின்னே சென்றால், நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுதாகத் தொல்காப்பியர் வகுத்தது எற்பாடு. எல் ஆகிய கதிரவன் படுகிற நேரம். கடற்கரை மக்களுக்கு இலக்கணம் கொடுத்த வேளையிலேயே பாடு அடங்கியிருக்கிறது. இவற்றையெல்லாம் நான் பொன்னேரிச் சாலையில் நடந்துகொண்டே எண்ணி, திருவொற்றியூரை நெருங்கும் நேரத்தில், எல்லாவற்றிலும் எளியதும் எல்லாவற்றையும்விட என் கண்ணுக்கு மறைந்திருந்ததுமான ஒரு சொல்லை வந்தடைந்தேன். கடவுளை நாடிச் செய்வதற்கு நம் மொழி இட்ட பெயர் வழிபாடு. வழிபடுதல் என்றால் வழியைப் பின்பற்றிச் செல்லுதல். கோயிலுக்குள் கைகூப்பி நிற்கும் காரியத்துக்குக்கூட, நடந்துபோகிறவனுடைய சொல்லையே தமிழன் வைத்திருக்கிறான்.

பழவேற்காட்டிலிருந்து தெற்கே போகிறவர்கள் முற்காலத்தில் காட்டுப்பள்ளிக்குப்பம் வழியாகக் கடலோரத்து மணலிலேயே நடந்து, எண்ணூர் முகத்துவாரத்தைப் படகில் தாண்டிப் பட்டணம் சேர்வார்கள் என்று கூட்டத்தில் மூத்தவர்கள் சொன்னார்கள். இப்போது அந்தக் கரையில் துறைமுகங்களும் அனல்மின் நிலையமும் எழுந்திருப்பதால் மணல்வழி தொடர்ச்சியாக இல்லை. நாங்கள் பொன்னேரி, மீஞ்சூர் என்று உள்நாட்டுச் சாலையைச் சுற்றிக்கொண்டு, இரண்டாம் நாள் மாலையில்தான் மறுபடி கடலைக் கண்டோம். கண்ட இடம் திருவொற்றியூர். அங்கே கரையென்று சொல்ல மணல் அதிகம் இல்லை. கடல் சாலையைத் தின்றுவிடாதபடி கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மறுநாள் மெரினாவில், அலையைத் தொடுவதற்கே ஒரு நடை நடக்கவேண்டியிருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தென்மேற்குப் பருவத்தில் இந்தக் கரை நெடுகிலும் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணைகள் நீண்டபோது, வந்த மணல் அவற்றின் தெற்கே தேங்கி மெரினாவாக விரிய, வடக்கேயுள்ள குப்பங்கள் தங்களுக்கு வரவேண்டிய மணல் வராமல் தேய்ந்தன. கரையும் நடந்துகொண்டே இருக்கும் பொருள்தான் என்பதையும், ஓரிடத்தில் அதன் வழியை மறித்தால் வேறோரிடத்தில் வீடு இடியும் என்பதையும் எங்களோடு வந்த மீனவர்கள் எந்தப் பொறியியல் நூலும் படியாமலே அறிந்திருந்தார்கள். ஆவணி மாதத்தில் நாங்கள் தெற்கே போக, எங்கள் காலடி மணல் வடக்கே எங்கள் ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மகாபலிபுரத்தைத் தாண்டுவதற்குள் ஒரு விஷயம் எல்லோருக்கும் வெளிப்படையாயிற்று. ஆண்கள் தளர்ந்தார்கள், பெண்கள் தளரவில்லை. தோள்வலிமையும் மார்வலிமையும் கொண்டு, புயலில் படகைத் திருப்பிக் கரைசேர்க்கத் தெரிந்த ஆண்மக்கள், தார்ச்சாலையில் மூன்றாம் நாள் நொண்ட ஆரம்பித்தார்கள். நீரில் உழைப்பவனுக்குக் கால் என்பது ஊன்றி நிற்பதற்கான உறுப்பு. அவன் நாள்முழுவதும் நடப்பது அபூர்வம். பெண்களோ சிறுவயது முதல் தலையில் அன்னக்கூடையைச் சுமந்து, மீன் கெடுவதற்கு முன்னால் விற்றாக வேண்டும் என்ற அவசரத்தில், தெருத்தெருவாக நடந்தே வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருத்தி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைத்தவள், முப்பது வருஷமாக மீன் விற்கிறவள், ஒரு நாள்கூட முன்வரிசையை விட்டுப் பின்னால் வரவில்லை. "தலையில பாரம் இல்லாம நடக்கறதுக்குப் பேரு நடையா?" என்று அவள் கேட்டபோது, அவளுடைய வாழ்நாள் நடையை யாரும் யாத்திரை என்று எண்ணியதில்லையே என்ற நினைவு என்னைத் தைத்தது. காவி உடுத்தியதும் அவளுக்கு ஊர்தோறும் தண்ணீர் கொடுத்து வணங்குகிறார்கள். கூடையோடு போகும் மற்ற நாட்களில் வாசற்படியில் நிறுத்தி விலை குறைக்கச் சொல்லுகிறார்கள்.

கல்பாக்கத்துக்கு அருகே சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையின் வெளியே ஒரு வேப்பமரத்தடியில், என் இடது குதிகாலில் ஒரு கொப்புளம் கட்டைவிரல் அளவுக்கு எழும்பியிருந்தது. முதல்நாள் என் கேள்விக்குப் பதில் சொன்ன பெரியவர் அதைப் பார்த்தார். என் காலை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ள முயன்றபோது, துடிக்கிற மீனைப் பிடிப்பதுபோல் அழுத்திப் பிடித்தார். ஒரு தையல் ஊசியில் வெள்ளை நூலைக் கோத்து, ஊசிமுனையைத் தீக்குச்சியில் காட்டி, கொப்புளத்தின் ஒரு ஓரத்தில் நுழைத்து மறு ஓரத்தில் இழுத்தார். நூலை உள்ளேயே விட்டு, இரு பக்கமும் ஓர் அங்குலம் தொங்கும்படி அறுத்தார். தோலைக் கிழிக்கவில்லை. நூலின் வழியாக நீர் சொட்டுச்சொட்டாக இறங்கி, அரைமணி நேரத்தில் தோல் தசையோடு படிந்தது. நாற்பது வருஷம் வலை பொத்திய விரல்கள் அவை. கண் எங்கோ பார்த்திருக்க, விரல் தன் காரியத்தைச் செய்தது. அவர் குதிகாலைப் பார்த்தேன். அதில் மூன்று நூல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் சொல்லியிருக்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கோட்டை கட்டியவர்கள் ஒரே டச்சுக் கம்பெனியார். பழவேற்காட்டில் 1613-இல் எழுந்த கெல்டிரியாக் கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. எங்கள் குப்பத்தின் பெயரில் கோட்டை உண்டு, கண்ணில் கோட்டை இல்லை. எஞ்சியது அவர்களுடைய கல்லறைத் தோட்டம். அதன் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கிய கற்கள் நிற்கின்றன. 1690-இல் அவர்கள் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். நாங்கள் நடந்த வழி ஏறக்குறைய அந்த வழிதான். அவர்களுடைய கணக்குப் புத்தகங்களும் துணிப்பொதிகளும் கப்பலில் போயின. இந்தக் கரையின் தறிகளில் நெய்த துணி ஜாவாவுக்கும் மலாக்காவுக்கும் போனது. அடிமைகளாக விலைபேசப்பட்ட மனிதர்களும் போனார்கள். அந்தச் சரித்திரத்தில் ஒரு சொல்லும் கால்நடையாகப் போனவனைப் பற்றி இல்லை.

மரக்காணம் வரைக்கும் எங்களுக்கு மற்றொரு வழித்துணை உண்டு. காக்கிநாடாவில் தொடங்கிப் பழவேற்காட்டு ஏரியை ஊடுருவிச் சென்னை நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்து மரக்காணத்து உவர்நிலத்தில் முடியும் பக்கிங்காம் கால்வாய், சில இடங்களில் கண்ணெதிரிலும் சில இடங்களில் தாழைப்புதருக்கு அப்பாலும், எங்களுக்கு இணையாகவே வந்தது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த ஏழைகளின் எலும்பும் தோலுமான கைகள் அதன் கரைகளில் ஒரு பகுதியை வெட்டின. பெயர் மட்டும் அப்போதைய கவர்னருக்குப் போயிற்று. விறகும் உப்பும் சிப்பிச் சுண்ணாம்பும் ஏற்றிய தோணிகளைக் கரையில் நின்று கயிறு கட்டி இழுத்துப்போன காலத்தைத் தம் தகப்பனார் சொல்லக் கேட்டிருப்பதாகப் பெரியவர் சொன்னார். மரக்காணத்து உப்பளத்தின் வெண்மையில் கால்வாய் கரைந்து மறைந்த இடத்தில் நாங்கள் நின்றோம். அதுவரை என்னை 'சார்' என்று அழைத்துவந்தவர், அதற்கப்பால் 'தம்பி' என்றார்.

கடலோரமாக நெடுந்தூரம் நடந்து தெய்வத்தைக் காணும் வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. ஜப்பானின் ஷிகோகு தீவைச் சுற்றி 88 கோயில்களை வணங்கும் யாத்திரிகன், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடக்கிறான்; அந்த நடையில் பல நாட்கள் ஒரு பக்கம் சமுத்திரம் இரைந்துகொண்டே இருக்கும். கோபோ தைஷி என்ற மகான் தன்னோடு கூடவே நடப்பதாகவும், கையிலுள்ள தடியே அவர் என்றும் அவன் நம்புவதால், இரவு தங்குமிடம் சேர்ந்ததும் தன் காலைக் கழுவுமுன் தடியின் அடியைக் கழுவுகிறான். ஆனால் எங்கள் நடைக்கு நெருங்கிய உறவு இலங்கைத் தமிழர்களின் கதிர்காமப் பாதயாத்திரைதான். யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாற்றங்கரைச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எனக் கீழைக்கரை முழுவதையும் கால்நடையாக அளந்து, களப்புகளையும் ஆற்றுமுகங்களையும் தாண்டி, உகந்தை முருகனைத் தொழுது, யானையும் சிறுத்தையும் திரியும் குமணைக் காட்டுக்குள் புகுந்து கதிர்காமம் சேர ஒரு மாதத்துக்கு மேலாகும். யுத்த காலத்தில் வடக்கிலிருந்து புறப்பட இயலாமல் அறுந்துபோன அந்த வழியை, மிஞ்சியவர்கள் மிஞ்சிய இடத்திலிருந்து நடந்தார்கள். அந்த வழியில் முல்லைத்தீவுக்கு அருகே வற்றாப்பளையில் கண்ணகி கோயில் கொண்டிருக்கிறாள். பூம்புகாரின் கடற்கரையில் பிறந்து, வண்ணச்சீறடி நோக நடக்கத் தொடங்கிய அந்தப் பெண், மதுரையோடு நில்லாமல் கடல் கடந்தும் நடந்து அங்கே இளைப்பாறியதாக ஜனங்கள் நம்புகிறார்கள். நடக்கத் தொடங்கியவளை நிறுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

புதுச்சேரியையும் கடலூரையும் நாங்கள் இரவில் கடந்தோம். வெயில் கடுமையாக இருந்ததால் பகலில் மரத்தடிகளிலும் பள்ளித் திண்ணைகளிலும் உறங்கி, மாலை ஐந்து மணிக்கு மேல் நடந்தோம். அந்த நாட்களைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. லாரிகளின் வெளிச்சமும் சப்பரத்தின் சிறு விளக்கும், "மரியே வாழ்க" என்று முன்னால் ஒருவர் எழுப்பப் பின்னால் எல்லோரும் ஏற்ற குரலும் நினைவிருக்கின்றன. கொள்ளிடத்துப் பாலத்தை நடுநிசியில் கடந்தபோது ஆறு மணலாகக் கிடந்தது.

கொள்ளிடத்துக்குத் தெற்கே வந்ததும், எங்களுக்கு எதிர்த்திசையில் முன்னொரு காலத்தில் நடந்து போனவர்களின் நினைவு எனக்கு வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராகப் பிறந்து அனைத்தையும் உதறிப் புறப்பட்ட பட்டினத்தார், கடைசியில் சமாதி கொண்ட இடம் நாங்கள் இரண்டாம் நாள் மாலையில் கடலைக் கண்ட அதே திருவொற்றியூர்க் கடற்கரை. காரைக்காலிலே வணிகர் குலத்துப் பெண்ணாகப் பிறந்த புனிதவதி, பேயுருவை வேண்டிப் பெற்று, கைலாயத்தைக் காலால் மிதிக்க மனம் பொறாமல் தலையால் நடந்தவள். அவள் வந்து நிலைத்த திருவாலங்காடு, பழவேற்காட்டைப் போலவே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து ஊர். காரைக்கால் அம்மையார் கோயில் வாசலில் நின்று இதை அக்காவிடம் சொன்னேன். அவள் சற்றுநேரம் பேசாமல் இருந்து, "அந்தம்மா இங்கேந்து நம்ம ஊருப்பக்கம் வந்தாங்க, நாம அங்கேந்து இங்க வந்துட்டோம். வழி காலியா கெடக்கக் கூடாது, அதான்" என்றாள். நான் படித்த எந்தத் தலபுராணமும் எனக்கு யாத்திரையை இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

நாகூரில் மீரான் சாகிபு ஆண்டகையின் தர்காவில் காவியுடுத்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். அங்கே உயர்ந்து நிற்கும் பெரிய மினாரைக் கட்டுவித்தவர் தஞ்சையின் மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர். புறாக்களுக்குத் தானியம் இறைத்துவிட்டு, வாசலில் யாரோ கொடுத்த சர்க்கரையை வாயிலிட்டுக்கொண்டு நடந்தோம். இதுவும் வழியில் தண்ணீர் கொடுத்த மற்றொரு வாசல் என்றே எங்கள் கூட்டத்தார் கருதினார்கள்.

வேளாங்கண்ணியை நாங்கள் அடைந்தது 29-ஆம் தேதி பிற்பகல். கொடியேற்றத்துக்கு வந்த கூட்டத்தில் சாலையே காவியாக இருந்தது. பால் கொண்டுபோன சிறுவனுக்கும், நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற பிள்ளைக்கும் காட்சி கொடுத்த தாய், பதினேழாம் நூற்றாண்டில் புயலில் தத்தளித்த போர்த்துக்கேய மாலுமிகளைக் கரைசேர்த்ததாகவும், கரையேறிய நாள் அவளுடைய பிறந்த நாளான செப்டம்பர் 8 ஆகையால் அவர்கள் குடிசைக் கோயிலைக் கல்லாக்கிக் கொடுத்ததாகவும் ஐதிகம். 1962-இல் அது பேராலயமாக உயர்த்தப்பட்டது. அந்த மூன்று கதைகளில் எங்கள் கூட்டத்தார் மூன்றாவதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முதல் இரண்டும் கரையில் நடந்தவை, மூன்றாவது தங்களுடையது.

பேராலயத்திலிருந்து மாதாகுளத்துக்குப் போகும் மணற்பாதையில், நானூறு கிலோமீட்டர் நடந்த அந்தக் கால்களை மடக்கி, பெரியவர் முழந்தாளில் ஊர்ந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். மணல் சுட்டது. பாதி வழியில் அவர் நின்று, இரு கைகளையும் மணலில் ஊன்றித் தலை கவிழ்ந்திருந்தபோது, அவருடைய வேண்டுதல் என்ன என்பதை நான் கேட்டிருக்கலாம்; பதினான்கு நாட்களாகக் கேட்கவில்லை, அப்போதும் கேட்கவில்லை. வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த மணலில் எனக்கு நினைவுக்கு வந்தது 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கடல் எழும்பி வந்து இந்த ஊரின் கடற்கரையிலே யாத்திரிகர்களை நூற்றுக்கணக்கில் வாரிக்கொண்டு போயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் மாண்டவர்கள் 6,000-க்கு மேல். பேராலயம் தப்பியது; அதன் வாசலுக்கு வந்தவர்கள் தப்பவில்லை. புயலில் மாலுமிகளைக் காத்தவளிடம் இதற்கு விளக்கம் கேட்டவர்கள் இருப்பார்கள். பழவேற்காட்டிலும் அதே அலை ஏறியது. அன்று இழந்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்; அவர்களும் நடந்து வந்திருந்தார்கள். கடலுக்கும் மாதாவுக்கும் நடுவே அவர்கள் எந்தக் கணக்கை எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்பதை அளக்க என் படிப்பு போதாது. பெரியவர் தலை நிமிர்ந்து மறுபடியும் ஊர்ந்தார். முழங்காலுக்குக் கீழே அவர் விட்டுச்சென்ற இரண்டு தடங்கள், ஓடம் இழுத்த தடம்போல் பின்னால் நீண்டிருந்தன.

திரும்பும்போது பேருந்து. பதினான்கு நாள் வழி ஒரே இரவில் ஜன்னலுக்கு வெளியே ஓடியது, எல்லோரும் உறங்கினார்கள், சப்பரம் மட்டும் ஒரு சிறு லாரியில் பின்னால் வந்தது.

நான் ஒரு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று கோட்டைக்குப்பத்திலேயே இருந்தேன். மறுநாள் மாலை, கதிரவன் ஏரியின் மேற்குக் கரையில் இறங்கும் வேளையில், பெரியவர் தோளில் கழிகளோடு போனதைக் கண்டு கூடவே நடந்தேன். காவி போய்ப் பழைய கைலி வந்திருந்தது. குதிகாலில் நூல்கள் இன்னும் தொங்கின. அன்று வடக்குப்பாட்டில் அவர் கூட்டாளிகளுக்கு முறை. யாத்திரைக்கு முன்பே விழுந்த சீட்டு. நீரில் கால் வைத்ததும் ஒரு கணம் பல்லைக் கடித்தார்.

"உப்பு எரியலையா, அண்ணே?" என்றேன்.

"எரியத்தான் தம்பி செய்யும்" என்று சொல்லிவிட்டு, படகில் ஏறி, முதற்கழியை எடுத்துக் கொடுக்கும்படி கையை நீட்டினார்.